காலையில் ஒரு வெள்ளைத் தாள்

ஒரு மேஜை மேல் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் மூன்றும் குடித்தனம் நடத்தின. ஒருநாள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காலி பண்ணிவிட்டு, புதுசு ஒன்றைக் குடியேற்றினார்கள்.

"பழையவர் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது!" என்று கரகரத்தது பிரிண்டர்.

"அசைய மாட்டோம்ணே!" என்று டக்டக்கென்று சத்தியம் செய்தது கீபோர்டு.

மத்தியானத்துக்குள் மவுஸுக்குப் பளபளவென்று ஒரு புது அம்புக்குறி கிடைத்தது. "சும்மா ஓட்டிப் பார்த்தேன்ணே, க்ளிக்... க்ளிக்..." என்று இளித்தது. சாயங்காலம் கீபோர்டும் புதுசுக்காகத் தடதடத்துவிட்டது.

பிரிண்டர் மட்டும் தாளைக் கவ்வியபடி கம்மென்று இருந்தது. பழையவர் தினமும் காலையில் அதனிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்பார். அச்சடிக்க ஒன்றும் இருக்காது; "முழிச்சுட்டியாடா?" என்று விசாரிக்கிற மாதிரிதான். அந்தக் கூப்பிடலுக்குத்தான் அது ஏங்கிக் கிடந்தது.

மறுநாள் காலை புதுசு தயங்கித் தயங்கிக் கூப்பிட்டது: "அண்ணே, ஒரு வெள்ளைத் தாள் தர்றீங்களா?"

"உனக்கு யார்றா சொன்னது?"

"போறதுக்கு முன்னாடி அவர்தான் சொன்னார். கேக்காட்டி நீங்க தவிச்சுப் போயிடுவீங்களாம்."

கர்... கர்ரென்று பிரிண்டர் தாளை வெளியே தள்ளியது. வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டு மை கசிந்திருந்தது.