திலகனின் டீச்சர்

சொல்லாமல் வீட்டை விட்டுப் போன மகன் திலகனுக்கு, மங்களேஸ்வரி தன் வலைப்பூவில் நான்கு வருடமாகத் தினம் ஒரு கடிதம் எழுதிவந்தாள். படிப்பவர்கள் பத்துப் பேர். அவன் கண்ணில் பட வேண்டுமே என்றுதான், ஊரே படிக்கும் ஒரு வலைப்பூவுக்குப் பேட்டி கொடுக்கச் சம்மதித்தாள்.

"யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லுங்கம்மா. அப்பத்தான் கூட்டம் உங்க பக்கம் வரும்" என்றான் பேட்டி எடுத்த ரூபன்.

"மூணாங்கிளாஸ்ல நான்தான் அவனுக்கு டீச்சர். அதுலேருந்து வீட்டுலயும் அம்மான்னு கூப்பிட மாட்டான், டீச்சர்ம்பான். வெளியில ஒருத்தருக்கும் தெரியாது தம்பி."

"பிரமாதம்மா! அதையே தலைப்பா வச்சிடுறேன்."

பேட்டி வந்த மறுநாள் அவள் வலைப்பூவில் முப்பத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். "டீச்சர், நான்தான்." "டீச்சர், மன்னிச்சிடுங்க. திலகன்."

கணவர் சோமு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "அவன்தானான்னு கண்டுபிடிக்க நமக்கு இருந்ததே அந்த ஒரு சொல்லுதான். அதையும் ஊருக்கே பந்தி வச்சிட்டியே! இதுல நம்ம பிள்ளை யாருடி?"

"தெரியலையே."

"அப்ப எல்லாத்தையும் அழி."

"அதுல அவனும் இருந்துட்டா?"

முப்பத்தோரு பேருக்கும் அவள் வீட்டு விலாசத்தை எழுதினாள். கீழே, "சாப்பிடாம வா" என்று ஒரு வரி சேர்த்தாள். சோமு எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார்.