ஒரு செட்

செட் என்கிற இந்த இங்கிலீஷ் வார்த்தையை நான் நம்புவதே இல்லை. மோட்டாருக்கும் செட், மைக்குக்கும் செட், கூட்டாளிகளுக்கும் செட், தோசைக்கும் செட். இத்தனை இடத்தில் வேலை பார்க்கிற சொல் எந்த இடத்துக்கும் உண்மையாக இருக்காது. ஆனாலும் அன்றைக்கு நானே புதுப் பல் செட்டை மாட்டிக்கொண்டு பூங்காவனத்தின் தோசைக் கடைக்குப் போனேன். அவளுக்கும் புருஷன் இல்லை, எனக்கும் பெண்டாட்டி இல்லை. பொக்கை வாயோடு போய்ப் பெண் கேட்கக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

"பூங்காவனம், இனிமே ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்துட்டா என்ன?"

அவள் தோசைத் திருப்பியைப் பிடித்தபடி என் மூஞ்சியையே பார்த்தாள். "செட் ஆகலய்யா" என்றாள்.

கடைசியில் இந்த வார்த்தை என் தலையிலேயே கையை வைத்துவிட்டது என்று எழுந்தேன்.

"எங்கய்யா கெளம்பிட்ட? நான் பல்லச் சொன்னேன். குதிரைக்குக் கட்டுனது மாதிரி இருக்கு. கழட்டிட்டுக் கேளு."

கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டேன். அது அடியில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுபடியும் கேட்டேன். பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

அவள் ஒரு செட் தோசையைத் தட்டில் போட்டு வடகறியை ஊற்றினாள். அவள் கடையில் செட்டுக்கு இரண்டு தோசை. அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றை அவள் பிய்த்தாள்.