பன்னிரண்டாவது பெஞ்சு

பூங்காவிலுள்ள பன்னிரண்டு இரும்பு பெஞ்சுகளில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லி உத்தரவு. வயதானவர்கள் பிடித்து எழுந்திருக்க வசதியாக இருக்குமாம். அப்படியானால் ஏன் ஓரத்தில் வைக்கச் சொல்லவில்லை என்று வெல்டர் தேவசகாயம் கேட்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பூங்காவைச் சுற்றி நின்ற அடுக்குமாடிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பாதி வீடுகளில் வாங்கிப் போட்ட நாளிலிருந்து விளக்கு எரிந்ததில்லை.

"சரியா எங்க வைக்கணும்?" மேற்பார்வையாளர் அளவு நாடாவை நீட்டினார்.

தேவசகாயம் அதை வாங்கவில்லை. பூட்ஸைக் கழற்றித் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தான். முழங்கால்கள் தாமாக மடங்கின. இடுப்பெலும்பு உறுத்திய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டான்.

"இங்க வச்சா ஒருத்தனும் படுக்க முடியாது சார்."

"பலே! இந்த வேலை முன்னாடி பாத்திருக்கியா?"

"இல்ல சார்."

சாயங்காலத்துக்குள் பதினொன்று முடிந்தது. கடைசி பெஞ்சில் அவன் படுத்துப் பார்க்கவில்லை. நேரே கோடு போட்டுவிட்டு, பார்க்காமலே அடியில் கைவிட்டு, அங்கிருந்த போர்வை மூட்டையைத் தீப்பொறி படாத தூரத்துக்கு இழுத்து வைத்தான்.

"எவனோ விட்டுட்டுப் போயிருக்கான். குப்பையில போடுய்யா," என்றார் மேற்பார்வையாளர்.

"இருக்கட்டும் சார். குளிருது, வந்து தேடுவான்," என்று முகமூடியை இறக்கிக்கொண்டு தேவசகாயம் பற்றவைக்கத் தொடங்கினான்.