மூன்றாவது படி

"மூணாவது படிக்கு மேல ஏறமாட்டேங்கு, டாக்டரம்மா. அங்கனயே ஒக்காந்து மாடிக் கதவப் பாத்துக் கத்துது. மேல நிக்கிறவுகள அதுக்குத் தெரியுது."

இதைச் சொல்லும்போது ஆசிப் குரலைத் தாழ்த்திக்கொண்டான். தென்காசியில் இருந்த அந்தப் பிராணி கிளினிக்கின் மேசைமேல் சீனி என்ற பன்னிரண்டு வயதுப் பூனை படுத்திருந்தது. அதன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் புதுத் தாயத்து.

அவன் தங்கை ஜுஹைனா பூனையின் முதுகில் கை வைத்தபடி நின்றாள். கணவன் ரபீக் வேலைக்குப் போன சவுதியில், தம்மாமில் இறந்து, அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா என்ற துக்கம் காத்து முடித்து, அவள் வீட்டுப் படியைத் தாண்டியது இன்றுதான்.

"எப்பயிருந்து இப்படி?" என்று கேட்டார் டாக்டர் அபர்ணா.

"மவுத்துச் செய்தி வந்த வாரத்துல இருந்து. மச்சான் லீவுல வந்தா இது அவுக கால்மாட்டுலதான் தூங்கும். அவுக திரும்பிப் போனாலும் மாடியில அந்தக் கட்டில்லயேதான் கெடக்கும். இப்ப பொழுது சாஞ்சு மக்ரிபு பாங்கு சொன்னாப் போதும், படியில ஒக்காந்து ஒரே கத்து. நேத்து நானே கேட்டேன், பச்சப் புள்ள அழுத மாதிரி. அவுக ரூஹு, ஆவிதான், வந்து நிக்குன்னு தெருவே பேசுது."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" டாக்டர் ஜுஹைனாவைப் பார்த்தார்.

அவள் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆசிப்தான் பேசினான்.

"அவ எங்க வாயத் தொறக்கா? பொழுது சாஞ்சா மாடி வெளக்கப் போட்டு வச்சிருதா. விடியுத மட்டும் அணைக்க மாட்டா. அம்புட்டுப் பயம்! வீட்டப் பூட்டிட்டு அச்சன்புதூருக்கு உம்மாகிட்ட வாட்டின்னா, அதுக்கும் வரமாட்டேங்கா."

டாக்டர் பூனையின் பின்னங்காலை மெல்ல நீட்டினார். சீனி உறுமிக் காலை இழுத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவும் எக்ஸ்ரேயும் கணினித் திரையில் வந்தன.

"இடுப்பு மூட்டு ரெண்டும் தேஞ்சிருக்கு. செய்தி வந்தது எந்த சமயம்?"

"சாரல் தொடங்குன வாரம்."

"அதான். குத்தாலத்துச் சாரலுக்கு நம்ம முட்டியே புடிச்சுக்கிடும், இந்த வயசுல பூனைக்குப் புடிக்காதா? சாயங்காலம் ஆனா அதோட கட்டிலுக்குப் போகணும்னு வருது. மூணு படி ஏறினதும் வலி தாங்கல. மேல பாத்துக் கத்துது. வேற ஒண்ணும் இல்ல."

ஆசிப் மூச்சை விட்டான். பிறகு சிரித்தான். "அப்ப ரூஹும் இல்ல, ஜின்னும் இல்ல. இந்தத் தாயத்துக்கு நான் செங்கோட்டை வரைக்கும் நாயா அலைஞ்சேனே!"

"பூனைக்காக நாயா அலைஞ்சீங்களா?" என்றார் டாக்டர். "ரெண்டு வழி இருக்கு. மூட்டுக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போட்டா வலி சீக்கிரம் குறையும், ஆனா கொஞ்ச மாசம்தான் தாங்கும். இன்னொண்ணு, இதோட ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மிஷின்ல சுத்தி, தட்டணுக்களைப் பிரிச்சு மூட்டுல போடுறது. அது மெதுவாத்தான் கேக்கும். எல்லாத்துக்கும் ஒண்ணுபோலக் கேக்கும்னும் சொல்ல முடியாது."

"சொந்த ரத்தமே மருந்தா? அப்படியே என் முட்டிக்கும் ஒண்ணு போட்டு விடுங்க, டாக்டரம்மா."

"இங்க நாலு கால் இருக்கவங்களுக்குத்தான்."

அப்போதுதான் ஜுஹைனா முதல்முறையாக வாய் திறந்தாள். "ஊசி போட்டா நெசமாவே மாடி ஏறிருமா?"

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் டாக்டருக்குப் புரிந்தது போலிருந்தது. நாலு மாதம் அந்த வீட்டுக்குள்ளேயே, அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே இருந்தவள்.

"ரத்தப் பரிசோதனை நல்லா இருக்கு, ஸ்டீராய்டு ஊசியை இன்னைக்கே போட்டுடலாம். பத்து நாள்ல அந்தக் கட்டில்ல போய்ப் படுத்துக்கும் பாருங்க. நீங்களும் பயமில்லாமத் தூங்கலாம்."

டாக்டர் முதலில் மயக்க மருந்தை ஊசியில் ஏற்றினார். ஜுஹைனாவின் இரண்டு கைகளும் பூனையின் இடுப்பை மூடிக்கொண்டன.

"ஏட்டி, கைய எடு," என்றான் ஆசிப். "அதான் மேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாகல்லா? இன்னும் என்ன பயம்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்போ, அவுக வரவே இல்லியா, டாக்டரம்மா?"