தலைக்கணக்கு

"மூணாவது கன்னும் குருடாப் பொறந்திருக்கு. நீ இங்க வைத்தியம் பார்க்கிறியா, வேடிக்கை பார்க்கிறியா?"

மாட்டுப் பண்ணைத் தலைவர் மேஜையில் அடித்த அடியில் தேநீர்க் கோப்பைகள் ஆடின. நிர்வாகக் குழு மொத்தமும் கால்நடை டாக்டரை முறைத்தது. தற்காலிக வேலையில் இருப்பவள். அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அன்றைக்குத்தான் முடிவு.

"வைத்தியத்துல தப்பில்லைங்க ஐயா" என்றாள் டாக்டர். "ஒவ்வொரு கன்னுக்கும் தாய் வழி, தகப்பன் வழி பின்னாடி போய்ப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் உங்க பரிசுக் காளைதான் வந்து நிக்குது."

"நல்ல காளை. அதுல உனக்கென்ன?"

"அதோட மகளுக்கும் அதையே சேர்த்திருக்கோம். பேத்திக்கும் அதேதான். தலைமுறைக்குத் தலைமுறை சொந்தம் எவ்வளவு நெருங்குதுன்னு கணக்குப் போட்டேன். தலையை எண்ணினா முந்நூறு மாடு. ரத்தத்தை எண்ணினா எட்டுகூடத் தேறாது."

"எட்டா? கொட்டகையில போய் எண்ணிப் பாரும்மா" என்று செயலாளர் சிரித்தார்.

"சிரிக்காதய்யா" என்று தலைவர் சீறினார்.

வேறு காளையே கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர்தான். டாக்டர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"எல்லாம் ஒரே குடும்பமா இருந்தா எப்படி உருப்படும்?" என்றார் தலைவர். "வெளியிலேர்ந்து புது ரத்தம் வரணும். நாளைக்கே அந்தக் காளையை ஒதுக்குங்க. வேற வேற ஊர்லேர்ந்து காளை வாங்குங்க."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷன் கத்தினாலும் நியாயஸ்தர் என்று நினைத்துக்கொண்டாள்.

"அடுத்தது, டாக்டர் வேலை" என்று தலைவர் தொண்டையைச் செருமினார். "இந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா வெளியாளு. என் தங்கச்சி பொண்ணு மாட்டு டாக்டருக்குப் படிச்சு முடிச்சிருக்கா. அவளைப் போட்டுட்டா நம்பிக்கையா இருக்கும். என்ன சொல்றீங்க?"

"சரிண்ணே" என்றார் செயலாளர்.

"போட்டுடலாம் மாமா" என்றார் பொருளாளர்.

"உங்க இஷ்டம் பெரியப்பா" என்றார் மேலாளர்.

மிச்சமிருந்த உறுப்பினர்கள் இருவரும் "சரி சித்தப்பா" என்று கையைத் தூக்கினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"போறதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கும் சொல்லிடறேன், ஐயா. இந்த மேஜையைச் சுத்தித் தலையை எண்ணினா ஆறு பேர். ரத்தத்தை எண்ணினா நீங்க ஒருத்தர்தான்."