சேற்று ஏற்றம்

பாம்பு கடித்த காவலாளியைக் கியர் வண்டியில் ஏற்றி, மலைக்கு அப்பாலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். துணைக்கு, கியர் மாற்றாமல் ரப்பர் பெல்ட்டிலேயே ஓடும் பெல்ட் வண்டியும் பின்னால் போனது.

"ரப்பர் பட்டையை நம்பியா மலை ஏறுறே, தம்பி?" என்று வழக்கம்போலக் கேட்டது கியர் வண்டி.

சேற்று ஏற்றத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் அது வேகம் இழந்து பின்னால் சறுக்கியது. பெல்ட் வண்டி ஓரிடத்திலும் நிற்காமல் அதை முட்டித் தள்ளிக்கொண்டே ஏறியது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது.

"போதும்டா, பெல்ட் அறுந்துடும்."

"சீட்டுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு அண்ணே. நீங்க கிளட்சைப் பாருங்க."

உச்சியில் பெல்ட் அறுந்து, வண்டி நின்றுவிட்டது. கியர் வண்டி முதல் கியரின் பிடியிலேயே, சறுக்காமல் நிதானமாக இறங்கியது. காவலாளி பிழைத்தார்.

மறுவாரம் அதே ஏற்றத்தின் அடியில் கியர் வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது.

"முன்னால நீ போ, தம்பி. இறக்கத்துல நான் முன்னால போறேன்."