முதல் வாய்

வாசனைதானே. வாசனை குடியாகாது.

அப்படி நினைத்துக்கொண்டுதான் திராட்சைக் கூடையின் மேல் குனிந்தாள்.

பன்னீர் திராட்சை. கறுத்து, தோலில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. அழுத்தினால் விதை தட்டுப்பட்டது.

வடசேரிச் சந்தை முழுக்க விதையில்லாத பச்சைத் திராட்சைதான் கிடந்தது. அது வைனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது ஒரு நிம்மதி. கிடைக்கவில்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம்.

மருமகள் பெல்சி விடவில்லை. கடை கடையாகக் கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். கடைசி வரிசையிலிருந்து கையை ஆட்டினாள்.

"மாமி, கறுப்பு இருக்கு! விதையும் இருக்கு. ஓடி வாங்க."

பெல்சிக்கு இந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். மாமி போடும் வைனைப் பற்றி உறவில் எல்லோரும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். மாமி ஏன் நிறுத்தினாள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"இந்த வருசம் நாம போடுவமா மாமி?" என்று சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டபோது, மகன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நிமிரவும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடுக்களைத் தரையில் கிடந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்த கை அது.

வடிக்கும் நாள் வருமுன்பே பாதி ஜாடியைத் தனியாகக் குடித்துத் தீர்த்துவிடும் அம்மா.

கடைசி ஜாடியை அவளேதான் தென்னை மரத்து மூட்டில் கவிழ்த்தாள். அதன்பிறகு ஒரு சொட்டு இல்லை. கோயிலில் திருவிருந்து வைன் கிண்ணம் வரும்போதுகூட உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

மகனுக்கு அது தெரியும். ஆனாலும் நிமிரவில்லை.

"போடுவோம்" என்று அன்று சொன்னது தன் குரல்தானா என்று இன்னும் சந்தேகமாக இருந்தது.

பலசரக்குக் கடை ஈஸ்டை வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். அவளும் பெல்சியும் காத்திருந்தார்கள். அது மண்ணைப்போல அடியில் படிந்து கிடந்தது.

"செத்துப்போச்சு மக்களே" என்றாள் மருமகளிடம்.

மறுபடியும் அந்த நிம்மதி.

பெல்சி கிண்ணத்தைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

வெயில் சாயும் நேரத்தில்தான் திரும்பினாள். எத்தனை பேக்கரி ஏறி இறங்கினாளோ. முகமெல்லாம் வியர்வை. உள்ளங்கையில், தாளில் மடித்த சின்னப் பொட்டலம்.

"ரொட்டி போடுற அண்ணன் தனக்கு வச்சிருந்ததுல பிச்சுத் தந்தாரு. இதுவும் செத்துதுன்னா அவரையே கூட்டிட்டு வந்து ஜாடில போட்டுருவேன்."

அது சாகவில்லை. நுரைத்துப் பொங்கிக் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது.

அவள் நுரையைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக் கைதட்டியவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று கிடைக்கவில்லை என்றால் இன்னொரு இடம் இருக்கும் என்று நினைக்கிற மனசு. எங்கிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள் இதை.

திராட்சையும் சீனியும் ஈஸ்டும் போட்ட பீங்கான் ஜாடி அடுக்களை மூலையில் வேலை செய்யத் தொடங்கியது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லிய சத்தம். தினமும் மரக்கரண்டியால் கிளறினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கிளறிய பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

அது அவளைக் கூப்பிடவில்லை. அது பாட்டுக்குச் சீனியைத் தின்றது. அது பாட்டுக்கு வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்கப் பொறுமை இருந்ததே இல்லை.

ஒரு நாள் காலையில் சத்தம் இல்லை.

எறும்புக்குப் பயந்து பெல்சி ஜாடி வாயில் கட்டியிருந்த துணியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடிக் கயிற்றைச் சுற்றி இறுக்கியிருந்தாள். தாள் பலூன்போல உப்பி நின்றது.

முடிச்சை அவிழ்த்தாள். ஜாடி பெருமூச்சு விட்டது. முகத்தில் அடித்தது வாசனை. அது விட்டு முடிக்கும்வரை அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காத்துப் போகணும்லா மக்களே. இறுக்குனா வெடிச்சிரும்."

"எறும்பு ஏறீருமே மாமி."

அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, ஜாடியை அதன் நடுவில் வைத்தாள். பழையபடி வெறும் துணியைக் கட்டினாள்.

வடிக்கும் நாளில் மகன் வீட்டில் இருந்தான். கூடத்தில் செய்தித்தாள் புரளும் சத்தம் கேட்டது.

துணி வழியே வைன் நிதானமாக இறங்கியது. நாவல்பழ நிறம். பெல்சி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து, துளி சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"முதல் வாய் மாமிக்கு. கைப்பக்குவம் போயிருக்கான்னு பாப்பமே. இனிப்பு போதுமான்னு சொல்லுங்க."

கூடத்தில் தாள் புரள்வது நின்றது.

டம்ளரை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கலங்கல் இல்லை. சுற்றிலும் கறுப்பாக, நடுவில் மட்டும் சிவப்பாக ஒரு கண். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒருநாளும் அதை டம்ளரில் இவ்வளவு நேரம் விட்டுவைத்ததில்லை.



அடுக்களை வாசலில் மகன் வந்து நின்றிருந்தான்.

டம்ளரைப் பெல்சியின் கையிலேயே திருப்பி வைத்தாள். அவளுடைய விரல்களை அதைச் சுற்றி மூடினாள்.

"நீ குடி மக்களே. சீனி போதுமான்னு உன் மூஞ்சியப் பாத்து நான் சொல்லீருவேன்."